ஒன்று என்றால், எந்த வகையில் ஒன்று?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பலவும் "எல்லாம் ஒன்றுதானே" என்பதைச் சுற்றியே இருந்தன. சிலர் அதை நம்பி எழுதியிருக்கிறார்கள், சிலர் எரிச்சலோடு. இரு தரப்புக்கும் சேர்த்துப் பதில்.

"ஆறுகள் எல்லாம் கடைசியில் கடலில் கலப்பதுபோல மதங்கள் எல்லாம் ஓரிடத்தில் சேரும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எங்கள் கடைமடையில் ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் வயலில் முடிந்துபோகிறது. கடலையே பார்ப்பதில்லை. இந்த உவமை எங்கிருந்து வந்தது?"
— வாசகி, திருத்துறைப்பூண்டி

டெல்டாக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. இந்த உவமைக்கு மூலம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் குழப்புவதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

முதலாவது உபநிஷத்தில் வருவது. சாந்தோக்யம் ஆறாம் அத்தியாயம், பத்தாம் பகுதி: கிழக்கே ஓடும் ஆறுகளும் மேற்கே ஓடும் ஆறுகளும் கடலிலிருந்து வந்து கடலிலேயே சேர்கின்றன. சேர்ந்தபின் "நான் இந்த ஆறு" என்ற அறிவு அவற்றுக்கு இல்லை. முண்டகம் (3.2.8) இதையே "பெயரையும் உருவையும் விட்டு" என்று சொல்லும். இந்த இரண்டு இடத்திலும் ஆறு என்பது உயிர். மதம் என்ற பேச்சே அங்கே இல்லை.

இரண்டாவது சிவமஹிம்ன ஸ்தோத்திரத்தின் ஏழாம் சுலோகம். நேராகவும் வளைந்தும் போகும் பல வழிகளில் செல்பவர்க்கும், நீர்களுக்குக் கடல்போல, சேருமிடம் நீயே என்கிறது. இங்கே ஆறு என்பது வழி. அந்த வழிகள் எவை என்று அதே சுலோகம் பட்டியலும் தருகிறது: வேதம், சாங்கியம், யோகம், பாசுபதம், வைணவம். ஐந்தும் இந்த மண்ணில் தோன்றியவை. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் விவேகானந்தர் இந்த வரியை மேற்கோள் காட்டிய பிறகுதான் உலக மதங்கள் எல்லாவற்றுக்கும் அது பொதுவானது. அவரே 1897 பிப்ரவரியில் கும்பகோணத்தில் தங்கி வேதாந்தத்தின் பணி பற்றிப் பேசினார். நம் வட்டாரத்து மேடைகளில் இந்த உவமை இன்றும் ஊறிக்கிடப்பதில் வியப்பில்லை.

ஆறு கடலில் கலந்தால் என்ன ஆகிறது என்பதிலேயே உரைகாரர்கள் பிரிகிறார்கள். அத்வைதி (இறையும் உயிரும் ஒன்றே என்பவர்) சொல்வார்: தண்ணீர் முன்பும் தண்ணீர்தான், போனது பெயர் மட்டும். துவைதி (இரண்டும் வேறு என்பவர்) விடமாட்டார்: தண்ணீரில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடுகிறதே, கூடியது எது? கடோபநிஷத் (4.15) தெளிந்த நீரில் ஊற்றிய தெளிந்த நீர் "அதுபோலவே" ஆகிறது என்கிறது, "அதுவே" ஆகிறது என்று சொல்லவில்லையே என்பது அவர் பிடி. முண்டகத்திலேயே (3.1.3) "பரமம் ஸாம்யம்", அதாவது மேலான ஒப்புமை, என்று வருவதையும் விசிஷ்டாத்வைதியும் (உயிர்கள் இறைவனுக்கு உடல் என்பவர்) துவைதியும் சேர்ந்து காட்டுவார்கள். ஒரே ஆறு, ஒரே கடல், மூன்று தீர்ப்பு.

கடைமடைக்காரர் கண்ணில் படுவது தலைகீழ்ப் படம். பல ஆறு ஒன்றாவதை நாம் பார்ப்பதில்லை, ஒரு ஆறு பலவாவதைப் பார்க்கிறோம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று பெயர் பெருகிக்கொண்டே போகிறது. இதற்கும் உபநிஷத்தில் இடம் உண்டு, அதே ஆறாம் அத்தியாயத்தில், இன்னும் முன்னதாகவே (6.2.3). "பலவாகக் கடவேன்" என்று அந்த ஒன்று எண்ணியதாம். ஷட்டர் இந்தப் பக்கம் திறந்தால் அதே தண்ணீருக்கு வெண்ணாறு என்று பெயர், அந்தப் பக்கம் திறந்தால் காவிரி. முறைப்பாசனத்தில் யாருக்கு முதலில் என்று சண்டை வரும்போது அந்தப் பெயர் வெறும் பெயரா என்று விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். அத்வைதம் "வியவஹாரம்" (அன்றாட நடைமுறை) என்று சொல்வது இதைத்தான். தண்ணீர் ஒன்று என்பது உண்மை, ஆனால் முறை தவறினால் பயிர் காய்வதும் காயத்தான் செய்கிறது.

"'ஏகம் ஸத், விப்ரா பஹுதா வதந்தி' என்றால் எல்லா மதமும் ஒன்று என்றுதானே பொருள்?"
— வாசகர், நன்னிலம்

இல்லை. ரிக் வேதம் 1.164.46. இந்திரன், மித்திரன், வருணன், அக்னி, யமன், மாதரிச்வான் என்று பெயர்களை அடுக்கிவிட்டு, இருப்பது ஒன்று, அறிந்தோர் பலவாறு சொல்கிறார்கள் என்கிறது. வேதத் தெய்வங்களைப் பற்றிய பேச்சு அது. அதை விரித்துப் பொருள் கொள்வதில் தவறில்லை, விரித்தது நாம்தான் என்பது நினைவில் இருந்தால் சரி.

"பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் அத்வைதம், விசிஷ்டாத்வைதம், சைவ சித்தாந்தம் மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கிறது என்கிறான். வடமொழி அதிகம் இல்லாமல் விளக்க முடியுமா?"
— வாசகர், ஆடுதுறை

முடியும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் (மறைவு 1785) சிவஞான போதத்துக்கு எழுதிய மாபாடியத்தில் இதற்கான சாவி இருக்கிறது. அது இலக்கணச் சாவி என்பதால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு நன்றாகவே பிடிபடும்.

"அத்துவிதம்" என்ற சொல்லை உடையுங்கள்: அ + துவிதம். துவிதம் இரண்டு. முன்னால் நிற்கும் "அ" மறுப்பு. மறுப்பு மூன்று வகை. முதலாவது இன்மை: "அநாதி" என்றால் ஆதி இல்லாதது. இரண்டாவது மறுதலை: "அநீதி" என்றால் நீதிக்கு நேர் எதிரானது. மூன்றாவது அன்மை. இதற்குத் தமிழிலேயே ஒப்புக்கு ஒரு சொல் கிடைக்கிறது, "அஃறிணை". திணையே இல்லாதது என்றோ உயர்திணைக்குப் பகை என்றோ யாரும் பொருள் கொள்வதில்லை. அது உயர்திணை அல்லாத திணை, அவ்வளவுதான்.

இப்போது மூன்றையும் பொருத்துங்கள். சங்கரர் வழியில் "அ" இன்மை: இரண்டாவது என்று ஒன்று இல்லவே இல்லை. துவைதம் சொன்ன மத்துவர் வழிக்கு மறுதலைப் பொருள் என்று மாபாடிய மரபு வைக்கிறது. சித்தாந்தம் எடுப்பது அன்மை: இறையும் உயிரும் இரண்டு பொருள்தான், ஆனால் "இரண்டு" என்று பிரித்து நிறுத்தும்படி நிற்பதில்லை. சிவஞான போதத்தை எழுதிய மெய்கண்டார் இதை "அந்நிய நாத்தி" என்கிறார். வேறாய் நிற்றல் இல்லை என்பது பொருள்.

பையன் அப்போதும் விழித்தால் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "தாள் + தலை" என்று எழுதி, புணர்ச்சி விதிப்படி சேர்க்கச் சொல்லுங்கள். "தாடலை" என்று எழுதுவான். ள் போயிற்று, த் போயிற்று, இரண்டுக்குமாகச் சேர்ந்து ட் ஒன்று வந்தது. எழுத்தில் தேடினால் இரண்டும் கிடைக்காது. காதில் விழுவது ஒரே சொல். ஆனாலும் பொருள் கேட்டால் தாளும் உண்டு, தலையும் உண்டு: இறைவனின் திருவடி, அதில் பட்ட உயிரின் தலை. உமாபதி சிவம் திருவருட்பயனில் (74) இதைத்தான் சொல்கிறார்:

"தாடலைபோற் கூடியவை தானிகழா வேற்றின்பக்
கூடலைநீ ஏகமெனக் கொள்."

அடுத்த குறளிலேயே, முற்றிலும் ஒன்று என்றால் கூடுவதற்கு ஆளில்லை, முற்றிலும் இரண்டு என்றாலும் கூடல் இல்லை என்று இரு பக்கத்துக் கதவையும் சாத்திவிடுகிறார். தத்துவத்தைப் புணர்ச்சி விதியில் பொதிந்து வைத்த இந்த ஒன்றேமுக்கால் அடிக்கு ஈடாக நீளமான உரை எதுவும் நிற்குமா என்று தெரியவில்லை.

விசிஷ்டாத்வைதத்துக்கு நம்மாழ்வார் போதும். திருவாய்மொழி முதல் பத்து, முதல் திருமொழி, ஏழாம் பாசுரம்: "உடல்மிசை உயிரெனக் கரந்தெங்கும் பரந்துளன்." உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல், அவன் அவற்றுக்குள் உயிர். ராமானுஜர் இந்த உடல்–உயிர் உறவைத் தம் தரிசனத்தின் நடுத்தூணாக நிறுத்தினார். பையனிடம் இப்படிக் கேளுங்கள்: "ராமு ஒல்லி" என்கிறோம், "ராமு கெட்டிக்காரன்" என்கிறோம். ஒல்லி உடல், கெட்டிக்காரன் உயிர். ஆனால் ராமு எத்தனை பேர்? ஒருவன்தான். உடல் பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

இதில் வழக்கமாக நேரும் பிழை ஒன்று உண்டு. சித்தாந்தத்திலும் உடல்–உயிர் உவமை வருகிறது. அதனால் இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டிவிடுவார்கள். சித்தாந்தம் அதை மூன்றில் ஒன்றாகத்தான் வைக்கிறது: கலப்பால் ஒன்றாதலுக்கு உடலும் உயிரும், பொருள் தன்மையால் வேறாதலுக்குக் கண்ணும் சூரியனும், உடனாய் நின்று செயல்படுதலுக்குக் கண்ணொளியும் உயிரின் அறிவும். மூன்றில் ஒன்றை மட்டும் உருவினால் வேறு கட்சிக்குப் போய்விடும்.

"உத்தாலகர் மகனுக்கு உப்பைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார் என்ற பாடத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினோம். மேலே குடித்த பையன் 'கரிக்கவில்லை' என்றான். எங்கே தப்பு? இன்னொன்று: உப்பளத்தில் காயவைத்தால் உப்பு திரும்ப வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன ஒன்றாவது?"
— ஆசிரியர், வேதாரண்யம்

முதல் கேள்விக்குப் பதில் தத்துவத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அடியில் கிடந்து கரையும் உப்பு அடர்ந்த உப்புநீராகி அடியிலேயே தங்கும். கலக்காமல் விட்டால் ஒரு ராத்திரியில் மேல்மட்டத்துக்கு ஏறாது. அதனால் இப்படிச் செய்யுங்கள்.

200 மில்லி பிடிக்கும் கண்ணாடி டம்ளர். கல்லுப்பு 3 கிராம், அதாவது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. தூள் உப்பு வேண்டாம். போட்ட கணமே கரைந்துவிட்டால் பாடத்தின் நடுப்பகுதி போய்விடும். கதையில் மறுநாள் காலை அப்பா "நேற்றுப் போட்ட உப்பை எடுத்துக்கொண்டு வா" என்கிறார், மகன் தடவிப் பார்த்துக் காணாமல் நிற்கிறான். பாடம் அந்தத் தடவலில் இருக்கிறது. உப்பை வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, ஒரு குச்சியில் கட்டி, நீரின் மேல்மட்டத்தில் முங்கும்படி தொங்கவிடுங்கள். கரைந்த உப்புநீர் தானே கீழிறங்க, நல்ல நீர் மேலேற, மத்து வைத்துக் கடையாமலே கலந்துவிடும். காலையில் முடிச்சை எடுத்துவிட்டு ஒருமுறை மெதுவாகச் சுழற்றுங்கள். பிறகு ஸ்டிராவை மேலே, நடுவே, அடியில் என்று வைத்து ஒவ்வொரு சொட்டு நாக்கில் விடச் சொல்லுங்கள். உப்பு கரைவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் துணி வேண்டாம், கல்லாகவே போட்டு, கரைந்தபின் நன்றாகக் கலக்குங்கள். இந்த அளவில் கரிப்பு கடல்நீரில் பாதிக்கும் குறைவு, சொட்டாக ருசிக்கத் தொந்தரவில்லை.

இரண்டாவது கேள்வி அருமையானது. சாந்தோக்ய உவமை (6.13) கலந்து மறைவதைப் பற்றியதே அல்ல. "இருக்கிறது, கண்ணால் காண முடியவில்லை, வேறு வழியில் அறியலாம்" என்பதுதான் அதன் நோக்கம். கண்ணும் கையும் தோற்ற இடத்தில் நாக்கு ஜெயிக்கிறது. முந்தைய பகுதியில் ஆலம்பழத்தைப் பிளந்து, விதையைப் பிளந்து, "ஒன்றும் தெரியவில்லை" என்று மகன் சொன்னதற்குத் தொடர்ச்சி அது.

உங்கள் உப்பளத்துக்கு ஏற்ற பாட்டைத் திருமூலர் பாடியிருக்கிறார் (திருமந்திரம் 136):

"அப்பினிற் கூர்மை ஆதித்தன் வெம்மையால்
உப்பெனப் பேர்பெற்று உருச்செய்த அவ்வுரு
அப்பினில் கூடியது ஒன்றாகு மாறுபோல்
செப்பினிற் சீவன் சிவத்துள் அடங்குமே."

கூர்மை என்றால் உவர்ப்பு. நீருக்குள் உவர்ப்பாக இருந்தது வெயிலில் காய்ந்து "உப்பு" என்று பெயர் வாங்கியது, திரும்ப நீரில் விழுந்து அடங்கியது. பாத்தி கட்டி நீர் பாய்ச்சி உப்பு வாருகிறவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. திரும்ப வெயில் பட்டால் திரும்ப உப்பாகாதா என்பது உங்கள் கேள்வி. சித்தாந்திகள் அதற்காகத்தான் வினையும் மலமும் (உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு) தீர்ந்த உயிருக்கே இந்த அடங்கல் என்று நிபந்தனை வைக்கிறார்கள். அவர்கள் கணக்கில் வெயில் என்பது அதுதான். அது இல்லாமல் போனால் உவர்ப்பு திரும்ப உருவெடுக்காது. உவமை அளவில் பார்த்தால் உங்கள் கேள்வி நிற்கிறது. எந்த உவமையையும் கடைசி மணி வரை வாரக்கூடாது.

"தினமும் ஒரு மணி நேரம் 'அஹம் பிரம்மாஸ்மி' என்று ஜபம் செய்கிறேன். ஆறு மாதமாகிறது. முதலில் அமைதியாக இருந்தது. இப்போது எதிலும் ஒட்டவில்லை, வீட்டு மனிதர்கள் யாரோபோலத் தெரிகிறார்கள், தூக்கமும் சரியில்லை. இதுதான் ஞானமா?"
— வாசகர், பட்டுக்கோட்டை

ஞானத்தின் அடையாளமாக எந்த நூலும் தூக்கம் கெடுவதைச் சொல்லவில்லை. முதலில் ஜபத்தை நிறுத்துங்கள். தூக்கமின்மையும், வீட்டார் அந்நியராகத் தெரிவதும் நிறுத்திய பிறகும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், குருவைத் தேடி அலையும் முன்பாகவே பாருங்கள்.

அத்வைத முறையில் "அஹம் பிரம்மாஸ்மி" (நான் பிரம்மம்) போன்ற மகாவாக்கியம் ஜப மந்திரம் அல்ல. அது ஒரு வாக்கியம். புரிந்துகொள்வதற்கு உரியது, உருப்போடுவதற்கு அல்ல. சங்கரர் உபதேச ஸாஹஸ்ரியில் காட்டும் பத்தாவது ஆள் கதையைப் பாருங்கள். பத்துப் பேர் ஆற்றைக் கடந்து அக்கரை ஏறி எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒன்பதுதான் வருகிறது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் சொல்கிறான்: "பத்தாவது ஆள் நீதான்." கேட்டவன் அதைப் பதினாயிரம் தரம் ஜபிக்க வேண்டியதில்லை. ஒருமுறை புரிந்தால் அழுகை நிற்கிறது.

புரிய என்ன தடை? "நான்" என்றதும் உடலும் பெயரும் வேலையும் சேர்ந்த ஆள் நினைவுக்கு வருகிறான். "பிரம்மம்" என்றதும் உலகைப் படைத்த பெரியது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? இதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு "அந்த தேவதத்தனே இவன்". பத்து வருடம் முன்பு மகாமகக் குளத்தங்கரையில் பார்த்த பையனை இன்று மீசையும் தொப்பையுமாக பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறீர்கள். "அவன்தான் இவன்" என்கிறீர்கள். அப்போதைய இடம், காலம், வயது. இப்போதைய இடம், காலம், வயது. இரண்டையும் தள்ளிவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் அந்த வாக்கியம் உண்மை. தள்ளாமல் திரும்பத் திரும்பச் சொன்னால், உடலோடும் பெயரோடும் இருக்கும் ஆளே கடவுள் என்ற வீக்கம் வரும். அது வராதவர்களுக்கு, உங்களைப்போல, எல்லாமே காலியான உணர்வு வரும்.

முறையான வரிசை இது. முதலில் நான்கு தகுதி: நிலையானது எது நிலையற்றது எது என்ற விவேகம், பலனில் பற்றின்மை, மன அடக்கம் முதலிய ஆறு குணங்கள், விடுதலையில் ஏக்கம். பிறகு தெரிந்தவரிடம் கேட்பது, கேட்டதைக் கேள்வி கேட்டுத் தெளிவது, தெளிந்ததில் நிலைப்பது. கடைசிப் படியில் தொடங்கியதுதான் உங்கள் சிக்கல்.

உட்காரத்தான் வேண்டும் என்றால், உடல் தேறிய பிறகு, 15 நிமிடம் போதும். கண் பார்க்கிறது, கண் மங்குவதை மனம் அறிகிறது, மனம் சஞ்சலப்படுவதும் அறியப்படுகிறது. அதை அறிவது எது என்பதோடு நிறுத்துங்கள். நெற்றி நடுவில் வெளிச்சம், நீல நிறம் என்று ஏதாவது தென்பட்டால் அதுவும் பார்க்கப்படும் பொருள்தான், பார்ப்பது அல்ல. நான்கு இடையூறுகளை நூல்கள் பெயரிட்டே சொல்கின்றன: லயம் (தூங்கிவிழுதல்), விக்ஷேபம் (மனம் ஊர் சுற்றுதல்), கஷாயம் (அடங்கின மாதிரி இருந்தும் உள்ளே பழைய ஆசை இறுகிக் கிடத்தல்), ரஸாஸ்வாதம் (அமைதியின் ருசியிலேயே உட்கார்ந்துவிடுதல்). கௌடபாதர் காரிகையில் மருந்தும் உண்டு: தூங்கினால் எழுப்பு, அலைந்தால் அடக்கு, ருசியில் ஒட்டாதே. உங்கள் முதல் மாத அமைதி நான்காவதாக இருக்கலாம்.

"நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் ஒரே வேனில் போய் வருகிறோம். இதுவே பெரிய ஒருமைப்பாடுதானே? சூஃபிகளும் கிறிஸ்தவ ஞானிகளும் அத்வைதம்தான் சொன்னார்கள் என்கிறார்களே?"
— வாசகி, நாகப்பட்டினம்

ஒரே வேனில் போவது நேர்த்திக்கடனும் அக்கம்பக்கத்து உறவும். அதன் மதிப்பு அதற்கு உண்டு. நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். அவர் எந்தச் சூஃபித் தத்துவத்தையும் ஒப்புக்கொண்டு அதைக் கட்டவில்லை. உறவு முதலில், தத்துவம் அப்புறம்.

தத்துவத்துக்கு வந்தால், சூஃபிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. இப்னு அரபி (1165–1240) வழியில் வந்தவர்கள் "வஹ்தத்துல் வுஜூத்" என்பார்கள்: உண்மையான இருப்பு ஒன்றே, மற்றவை அதன் வெளிப்பாடு. இந்தியாவின் அஹ்மத் சிர்ஹிந்தி (1564–1624) அதை மறுத்து "வஹ்தத்துஷ் ஷுஹூத்" என்றார். ஒன்றாகத் தெரிவது காண்பவனின் நிலை, இருப்பு ஒன்றென்று ஆகாது. அவர் உவமை எளிது: பகலில் சூரியன் மட்டும்தான் தெரிகிறது, அதற்காக நட்சத்திரங்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஆதிசங்கரர் வழிக்கும் மெய்கண்டார் வழிக்கும் உள்ள வழக்கேபோல் இருக்கிறதல்லவா? தமிழில் இந்த ஏக்கத்தை முழுதாகக் கேட்க வேண்டுமானால் குணங்குடி மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணியைத் தாயுமானவரின் பராபரக்கண்ணிக்குப் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். யாப்பு ஒன்று, ஏக்கமும் ஒன்று. கொள்கை எங்கே பிரிகிறது என்பது காதுக்கே புலப்படும்.

கிறிஸ்தவத்தில் அவிலாவின் தெரேசா 1577-ல் எழுதிய நூலில் இரண்டு படிநிலைக்கு இரண்டு உவமை வைக்கிறார். முன்னதற்கு இரண்டு மெழுகுவர்த்திச் சுடர்: சேர்த்தால் ஒரே வெளிச்சம், பிரித்தால் இரண்டு. பின்னதற்கு ஆற்றில் விழும் மழை: இது மழைநீர், இது ஆற்றுநீர் என்று இனிப் பிரிக்க முடியாது. கேட்டால் அத்வைதம்தான் என்று தோன்றும். ஆனால் அவர் சபையின் கோட்டைத் தாண்டவில்லை. படைத்தவன் படைத்தவனே, இது அன்பின் இணைப்பு. கோட்டைத் தொட்டுப் பார்த்தவர் ஜெர்மானியரான எக்ஹார்ட். அவர் இறந்தபின் 1329-ல் போப்பாண்டவர் ஆணை அவருடைய 28 கூற்றுகளைக் கண்டித்தது. "எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்" என்றால், ஒருவர் பாராட்டப்பட்டு இன்னொருவர் கண்டிக்கப்பட்டது ஏன் என்று விளங்காமல் போய்விடும்.

"புத்தரும் மகாவீரரும் இதைத்தானே சொன்னார்கள்?"
— வாசகர், மன்னார்குடி

இல்லை. உங்கள் ஊர் மல்லிநாதர் கோயிலிலோ தீபங்குடியிலோ விவரம் அறிந்த சமணர் யாரையும் கேளுங்கள்: விடுதலை பெற்ற உயிர்களும் தனித்தனியாகவே இருக்கின்றன, எதிலும் கரைவதில்லை. ராஜராஜன் ஆனைமங்கலத்தை மானியமாகக் கொடுத்த நாகை சூடாமணி விகாரத்துப் பௌத்தர்களைக் கேட்டிருந்தால், கரைவதற்கு ஓர் "ஆன்மா"வே கிடையாது என்றிருப்பார்கள். சோழன் அதைக் கேட்டுத் திருத்தப் போகவில்லை, ஊரைக் கொடுத்தான்.

"எல்லாம் ஒன்றே என்று சொன்ன நாட்டில் சாதி எப்படி இருந்தது? இதற்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை."
— வாசகர், வைத்தீஸ்வரன்கோயில்

நேராகவே சொல்லலாம். தத்துவத்தை நினைப்பில் வை, நடப்பில் வைக்காதே என்று ஒரு கதவு திறந்துவைக்கப்பட்டது. "எண்ணத்தில் எப்போதும் அத்வைதம், செயலில் ஒருபோதும் வேண்டாம்" என்ற கருத்தில் சங்கரர் பெயரால் வழங்கும் சுலோகமே இருக்கிறது. கீதையில் (5.18) அறிஞர் "ஸமதர்சினர்" என்று வருவதற்கு, சமமாகப் பார்ப்பவர் என்றுதான் சொன்னது, சமமாக நடத்துபவர் என்று சொல்லவில்லை என்று நுணுக்கம் பேசியவர்களும் உண்டு. இது நுணுக்கம் இல்லை, நழுவல்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் திருப்புன்கூர். அங்கே நந்தி விலகியே உட்கார்ந்திருக்கிறது. ஆதனூர் நந்தனார் வெளியே நின்று காண வழிவிட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. கவனியுங்கள், நந்திதான் விலகியது, வாசல் திறக்கவில்லை. தில்லையில் அவர் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்தபின்தான் உள்ளே போகிறார். பக்தியின் உச்சம் என்று பாடுகிறோம், சரி. அந்த உடம்போடு உள்ளே விட யாருக்கும் மனம் வரவில்லை என்பதையும் அதே கதைதான் பதிவு செய்து வைத்திருக்கிறது. இந்தப் பக்கம் வாசல் சட்டப்படி திறந்தது 1947-ல், சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டத்தால். "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற திருமூலர் வரி அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்தது. வரி இருந்தும் வாசல் திறக்கவில்லை என்பதே உங்கள் கேள்விக்குப் பதில்.

"எல்லாம் ஒன்று என்றால், ஆடி அமாவாசைக்கு யாருக்குத் தர்ப்பணம்? கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவனா?"
— வாசகர், திருவையாறு

ஆடி அமாவாசைக்கு உங்கள் ஊரில் இரண்டு காரியம் நடக்கிறது. காலையில் புஷ்ய மண்டபப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும். ஐயாறப்பர் கோயிலில் அப்பர் கயிலைக் காட்சி. அப்பர் அங்கே பாடியதில் தத்துவச் சொல் ஒன்றுகூட இல்லை: "காதல் மடப்பிடியோடும் களிறு வருவன கண்டேன்." யானையும் கோழியும் என்று சோடி சோடியாக எதிரே வந்தவற்றிலெல்லாம் அவன் திருப்பாதம், "கண்டறியாதன கண்டேன்". காண்பவர் காண்பவராகவே நிற்கிறார். எல்லாவற்றையும் கரைத்துவிட்டுத்தான் ஒன்றைக் காண வேண்டும் என்பதில்லை.

தர்ப்பணமும் அப்படித்தான், முறைமையில் தொடங்குகிறது. பூணூல் உள்ளவர்கள் அதை வலத்தோளுக்கு மாற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எள்ளுநீர் விட, தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறை, ஒவ்வொருவருக்கும் மும்மூன்று முறை. பிறகு தாய்வழி. பெயரும் கோத்திரமும் தெளிவாகச் சொல்லப்படும். பூணூல் இல்லாத குடும்பங்களில் முறை சுருங்கும், பெயர் சொல்லி எள்ளுநீர் இறைப்பது மாறாது. இதுவரை எல்லாம் "என்" ஆட்கள்.

கூட்டம் நெருக்கும் நாளில் தவறுவது கடைசிப் பகுதிதான். அடுத்த செட் காத்திருக்கிறது என்று அவசரத்தில் முணுமுணுத்து முடித்துவிடுவார்கள், நாமும் வேட்டியைப் பிழியத் தொடங்கிவிடுவோம். அதுவரை முன்னோரை இருத்தி வைத்திருந்த தர்ப்பைக் கூர்ச்சத்தின் முடிச்சை அவிழ்த்து, பிரித்த புல்லைக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் எள்ளையெல்லாம் சேர்த்து நீர் விட வேண்டும். "யேஷாம் ந மாதா ந பிதா" என்று தொடங்கும் அந்த மந்திரம், தாயில்லை, தகப்பனில்லை, உறவில்லை, நீர் விட யாருமில்லை என்று இருப்பவர்கள் எல்லாரும் இந்தத் தண்ணீரால் நிறைவடையட்டும் என்கிறது. அதில் பெயரும் இல்லை, கோத்திரமும் இல்லை. அதற்குத் தனியாகக் கொஞ்சம் எள்ளை முதலிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கிண்ணம் காலியாகி, வெறும் தண்ணீர் விட்டுவிட்டு எழுந்துவருவதுதான் வழக்கமாக நடக்கிறது.